சிரிப்பில் மறைந்த ஓசை

அத்தியாயம் பதினான்கு

சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டு வால்டெமார் கண்விழித்த பதினோராவது காலை அது. முந்திய பத்துக் காலைகளிலும் அவர் அவ்வாறே விழித்தார். பத்து இரவுகளிலும் சொல்லாமலே படுத்தார்.

மைத்துனர் ஆரியேல் சுவீடனிலிருந்து வந்து பதினொரு நாள் ஆயிற்று. ஞாயிறன்று திரும்புகிறார். நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முன், ராணுவம் உருகுவாயை ஆண்ட நாளில், ஆற்றைக் கடந்து பிரேசிலுக்குத் தப்பப் படகுத்துறைக்கு வந்த ஆரியேலைச் சிப்பாய்கள் காத்திருந்து பிடித்தார்கள். நான்காண்டுச் சிறை. பிறகு பனி நாடு. படகோடு வரவேண்டிய தோழர் எபெர்ட் அன்று அரை மணி பிந்தி வந்தார், ஆகவே பிடிபடவில்லை. காட்டிக்கொடுத்தவர் அவரே என்று ஆரியேல் தீர்ப்பெழுதிவிட்டார். வால்டெமார் வாழும் பாசோ ஓந்தோ ஊரில், அடுத்த தெரு முனையில், எபெர்ட் இன்றும் சைக்கிள் பழுதுபார்க்கிறார். அந்த முனையைத் தவிர்ப்பதற்காகவே ஆரியேல் தேவாலயத்தைச் சுற்றிக்கொண்டு போய்ச் செய்தித்தாள் வாங்கி வருகிறார். எபெர்ட் கொடுத்தனுப்பிய கடிதம் பிரிக்கப்படாமலே அடுப்புக்குப் போனதைச் சென்ற வாரம் பார்த்தோம்.

எபெர்ட் குற்றமற்றவர். அதை எபெர்ட்டைத் தவிர அறிந்தவர் இவ்வுலகில் ஒருவரே. அவர் வால்டெமார்.

இருபத்தொரு வயதில் அவர் இவ்வூர்த் தொலைபேசி நிலையத்தில் இணைப்புப் பலகையில் வேலை பார்த்தார். வெளிநாட்டு அழைப்புகளை ஒட்டுக்கேட்டுச் சீட்டில் எழுதித் தருமாறு ஒரு ராணுவ அதிகாரி அங்கிருந்த மூவருக்குக் கட்டளையிட்டார். ஒருவர் மறுத்தார், வேலை போயிற்று, சாகும்வரை லாட்டரிச் சீட்டு விற்றார். வால்டெமார் மறுக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, "எண் 417. வியாழன் இரவு. படகு" என்று அவர் எழுதினார். பேசியவன் யாரென்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பவும் இல்லை.

ஈராண்டு கழிந்து, ஒரு நடன அரங்கில் நிபியா என்னும் பெண் தன்னை அழைப்பதற்கான எண்ணை அவர் உள்ளங்கையில் எழுதினாள். பக்கத்து வீட்டு மருந்துக்கடையின் எண் அது. 417. அண்ணன் சிறையில் இருக்கிறான் என்றும் சொன்னாள். வால்டெமார் அந்தக் கையை மூடிக்கொண்டார். நாற்பத்து நான்கு ஆண்டுகளாகத் திறக்கவில்லை.

கட்டளையிட்ட அதிகாரியோ முழு ஓய்வூதியம் பெற்று, கடற்கரையூர் ஒன்றில் ரோஜா வளர்த்து, எண்பத்தெட்டு வயதில் தம் கட்டிலிலேயே உறக்கத்தில் இறந்தார். அவரிடம் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேள்விகளெல்லாம் எபெர்ட்டின் சைக்கிள் கடை வாசலிலேயே வந்து நின்றன. 

இத்தனை பாரத்தோடும், அன்று காலை வால்டெமார் மனத்தின் ஒரு மூலை விடுமுறை நாள் போலத் துள்ளியது. காரணம் மகள் ரோமினா.

கணவனைப் பிரிந்து வந்த ஆண்டில் ரோமினா ஏழு மாதம் எவரோடும் பேசவில்லை. கேட்டதற்குத் தலையசைப்பாள், அவ்வளவே. ஒரு மாலை, தன் கைப்பேசியை அவர் முகத்துக்கு முன் நீட்டி, "அப்பா, இந்த இணைப்புப் பலகைய சரியா வரைஞ்சிருக்காங்களா, பாரேன்" என்றாள். ஏழு மாதத்தில் அவள் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

திரையில் ஓடியது "ஊமைத் துறைமுகம்" என்னும் கணினி விளையாட்டின் ஒரு நிமிட முன்காட்சி. ஒற்றர் கதை. ஆடுபவரே இனெஸ் என்னும் பழைய ஒற்றர் பெண்ணாகி, என்ன பேசுவது, யாரை நம்புவது, யாரைக் கைவிடுவது என்று ஒவ்வொன்றையும் தேர்ந்து கதையை நடத்த வேண்டும். தலைநகரில் ஆறு பேர் கூடி நான்காண்டாகச் செய்கிறார்கள். வெளியீடு மூன்று முறை தள்ளிப்போயிற்று. மூன்று முறையும் அப்பாவும் மகளும் இழவு வீட்டார் போல உட்கார்ந்து, குழலால் உறிஞ்சும் கசப்பு மூலிகைத் தேநீரான மாத்தே குடித்தார்கள். புது முன்காட்சி ஒன்று வந்தால், அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, மூலையில் தெரியும் தொப்பி யாருடையது என்று இரண்டு வாரம் வாதாடினார்கள். முழு விளையாட்டு நவம்பரில்தான். ஆனால் இன்று, ஜூலை இருபத்தொன்பது, காலை பத்து மணிக்கு, இரண்டு மணி நேரம் ஆடத்தக்க முன்னோட்டப் பகுதி வெளியாகிறது.

ஒன்பதரைக்கே ரோமினா மடிக்கணினியோடும் ஒரு பொட்டலம் இனிப்பு ரொட்டியோடும் வந்து நின்றாள்.

"ஆய்வகத்துல லீவுக்கு என்ன சொல்லிட்டு வந்தே?" என்றார் அவள் தாய் நிபியா, மேலங்கிக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே.

"பல்வலி."

"போன தடவை முன்காட்சி வந்தப்பவும் பல்வலிதானே? உனக்கு வாயில எத்தனை பல்லுடி?"

"முப்பத்திரண்டும்மா. இன்னும் நிறைய லீவு மிச்சமிருக்கு."

சாய்வு நாற்காலியில் கால்மேல் கம்பளி போர்த்தி அமர்ந்திருந்த ஆரியேல் உரக்கச் சிரித்தார். சிரித்தால் அறையே குலுங்கும்; அவர் இளமையிலிருந்தே அப்படித்தான் என்று நிபியா சொல்வார். சிறையும் பனியும் அவரிடமிருந்து எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொண்டன. சிரிப்பை மட்டும் விட்டுவிட்டன.

"நான் பாஸ்தா கடைக்குப் போறேன். இன்னைக்கு இருபத்தொன்பது. வரிசை சர்ச் வரைக்கும் நிக்கும்" என்றார் நிபியா. மாதந்தோறும் இருபத்தொன்பதாம் தேதி நியோக்கி என்னும் உருளைக்கிழங்கு மாவு உருண்டைகளை உண்ணாமலும், அதிர்ஷ்டத்துக்காகத் தட்டின் அடியில் ஒரு பண நோட்டை வைக்காமலும் அவ்வீட்டில் பகல் கழிந்ததில்லை. "கிழவா, ஒருத்தரும் ரொட்டியாலயே வயித்த ரொப்பிக்காதீங்க. பன்னிரண்டுக்கு நான் வரும்போது மேசை காலியா இருக்கணும்."

"சரி கிழவி, போய்ட்டு வா" என்றார் வால்டெமார்.

கதவு மூடிக்கொண்டது. ஆரியேல் மட்டும் இருக்கும் நேரம் கிடைத்தால் சொல்லிவிடுவதாக வால்டெமார் தமக்கே வாக்களித்திருந்தார். ஆனால் இதோ ரோமினா இருக்கிறாள். அவர் உள்ளூர நிம்மதியடைந்தார், நிம்மதியடைந்ததற்காக வெட்கினார்.

பத்து மணி. ரோமினா கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்தாள். பதிவிறக்கம் ஆமை வேகத்தில் ஏறியது.

"பதினோரு சதவீதம்" என்றாள்.

"மாப்ளே, நான் ஜெயில்லேருந்து வெளிய வந்தப்பகூட உன் முகத்துல இவ்வளவு ஆவல் இல்லையே" என்றார் ஆரியேல்.

வால்டெமார் வெந்நீர்க் குடுவையைச் சாய்த்தார். நீர் மாத்தேக் குடுவையைத் தாண்டி முழங்காலில் கொட்டியது.

"நீ அப்ப மெலிஞ்சு போயிருந்தே, மச்சான். அடையாளமே தெரியல."

"சமாளிக்கறதைப் பாரு!"

பத்தரைக்கு விளையாட்டு திறந்தது. மழை பெய்யும் துறைமுகம், மங்கிய விளக்கு, தூரத்தில் ஒரு கப்பலின் ஊளை. ரோமினா தந்தையின் முழங்கையைப் பற்றிக்கொண்டாள். முப்பத்து மூன்று வயதுப் பெண் மூச்சடக்கித் திரையைப் பார்க்கும் முகத்தை வால்டெமார் பார்த்தார். இந்த முகத்துக்காக ஒருவன் எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் வாயைக் கட்டலாம் என்று தோன்றியது. அப்படித் தோன்றுவதே தம் நோய் என்பதும் தெரிந்தது.

இனெஸின் பழைய தொழிலைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது திரை: தையற்காரி, சுங்க எழுத்தர், தொலைபேசி இயக்குநர்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? என் அப்பா தொழில்தான்" என்றாள் ரோமினா.

"தையற்காரின்னா எல்லா வீட்டுக்குள்ளயும் போகலாமே?"

"அப்பா! நாலு வருஷமா பேசி வச்சிருக்கோம்!"

ஒரு மணி நேரம் இனிதே ஓடியது. அவள் சொடுக்க, அவர் வாசித்தார். எவர் பொய் சொல்கிறார் என்பதில் இருவரும் சண்டையிட்டார்கள். ஆரியேல் நடுவராகி இருவர் கட்சியையும் தள்ளுபடி செய்தார். கடைசியில் இனெஸ் பழைய தொலைபேசி நிலையத்தின் மாடியறைக்கு ஏறினாள். திரை நிறைய இணைப்புப் பலகை விரிந்தது.

வால்டெமார் திரையை நோக்கிச் சாய்ந்தார். பழுப்புக் கம்பிகள், பித்தளை நுனிகள், அழைப்பு வந்தால் எரியும் சிறு விளக்குகள், இயக்குநர் முழங்கை பட்டுப் பட்டுத் தேய்ந்த பலகை விளிம்பு வரை அப்படியே இருந்தது. அந்த ஆறு பேரில் எவர் தாத்தாவோ இந்த விளிம்பில் முழங்கை வைத்திருக்க வேண்டும்.

பேசிக்கொண்டிருக்கும் இருவர் அறியாமல் அவர்கள் இணைப்பில் கேட்புக் கம்பியைச் சொருக வேண்டும். ரோமினா சொருகினாள். "டக்" என்றது. பேசியவர்கள் மௌனமானார்கள், பிறகு வானிலையைப் பற்றிப் பேசினார்கள், பிறகு கதவு உடைபட்டது. இனெஸ் பிடிபட்டாள்.

"ஐயோ!"

மெதுவாகச் சொருகினாள். டக். வேகமாகச் சொருகினாள். டக். மணியடிக்கும்போதே சொருகலாமென்றால், பேச்சு தொடங்கிய பிறகே அறைக்குள் விடுகிறது விளையாட்டு. ஆறு முறை இனெஸ் பிடிபட்டாள்.

"ரசிகர் குழுவுல யாருமே இதைத் தாண்டலப்பா" என்றாள் கைப்பேசியைப் பார்த்து. "நாலாயிரம் பேர் முட்டிக்கிட்டு நிக்கறாங்க. முதல்ல தாண்டுறவங்க பேரை முழு விளையாட்டுல ஒரு கதவுப் பலகையில எழுதுவாங்களாம்! நிரந்தரமா!"

"அதைத் தாண்ட முடியாதும்மா" என்றார் ஆரியேல். அவர் குரலில் சிரிப்பு இல்லை. "செஞ்சவன் விவரம் தெரிஞ்சுதான் செஞ்சிருக்கான். அந்தக் காலத்துல நாங்க எல்லாருமே அந்த 'டக்'குக்குத்தான் காதைத் தீட்டிக்கிட்டு இருந்தோம். டக்னு கேட்டா, பாட்டிக்கு முழங்கால் வலி, ஆடு குட்டி போட்டுச்சு. கேக்கலேன்னா தைரியமா பேசலாம். நான் கடைசியா பேசினப்போ டக்குன்னு ஒண்ணுமே கேக்கல. சுத்தமான லைன். அதனாலதான் சொல்றேன், வெளியாள் எவனும் கேக்கல; கூட இருந்தவன்தான் கொடுத்தான்."

எபெர்ட்டின் பெயரை அவர் சொல்லவில்லை. சொல்வதே இல்லை.

ரோமினா ஏழாம் முறை தோற்றாள். அவள் கண் கலங்கியதை வால்டெமார் பார்த்தார்.

"கொடு" என்றார்.

நடந்தது என்னவென்று பின்னர் எண்ணியபோது, தாம் முடிவு செய்து அதைச் செய்ததாக அவருக்கு நினைவில்லை. கை செய்தது. நாற்பத்தாறு ஆண்டு வேலையின்றிக் கிடந்த கை, தன் பலகையைக் கண்டதும் எசமானரைக் கேட்காமல் எழுந்துகொண்டது.

முதலில் தம் பக்கத்துப் பேசும் குழலை அடைத்தார். கம்பியை எடுத்துத் துளையருகே பிடித்தார். சொருகவில்லை. காத்திருந்தார். துளையருகே பிடித்த கம்பியில் பேச்சு மங்கலாகக் கசிந்தது: ஒருவர் மீன் விலையைச் சொன்னார். மற்றவர் தம் மனைவியைக் குறை கூறினார். வால்டெமார் அசையவில்லை.

"சொருகுப்பா!"

"பொறு. எவனாவது சிரிக்கட்டும்."

முதலாமவர் ஏதோ கேலி சொன்னார். இரண்டாமவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பின் நடுவில், அது எழுந்து தாழ்வதற்குள், வால்டெமார் கம்பியைச் சொருகினார்.

டக் என்னும் ஓசை வரவில்லை. வந்திருக்கும், சிரிப்பு அதை விழுங்கிவிட்டது. பேச்சு தொடர்ந்தது. திரையின் மேல் பச்சை விளக்கு எரிந்தது.

ரோமினா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "தாண்டிட்டோம்! நாலாயிரம் பேர்ல நாமதான் முதல்! மாமா, பாத்தீங்களா என் அப்பாவை? ஒரே தடவையில!"

திரையில் ஒரு படிவம் திறந்தது. ஒட்டுக்கேட்கும் அறையின் கதவுப் பலகையில் பொறிக்க வேண்டிய பெயர் என்ன? பத்து நிமிடத்துக்குள் நிரப்பவும். ரோமினாவின் விரல்கள் பறந்தன: வால்டெமார் சில்வேய்ரா.

"அனுப்பு"வை அழுத்துமுன் அவள் திரும்பினாள். "ஆமா, உனக்கு எப்படிப்பா தெரிஞ்சுது? அந்த வேலையெல்லாம் மாடியில பூட்டின ரூமுக்குள்ள சிப்பாய்ங்கதான் பண்ணாங்கன்னு சொல்லுவியே?"



ஆரியேல் மாத்தேக் குடுவையை இரு கையாலும் பிடித்திருந்தார். உறிஞ்சவில்லை. "சிரிக்கும்போதா?" என்றார்.

வால்டெமார் திரையையே பார்த்தார்.

"மாப்ளே. சிரிக்கும்போதா சொருகுவீங்க?"

இப்போதும் ஒரு பொய் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. நண்பர் ஒருவர் சொன்னார் எனலாம். புத்தகத்தில் படித்தேன் எனலாம். இருவரும் நம்பியிருப்பார்கள், நம்பவே விரும்பினார்கள். ரோமினாவின் கை இன்னும் அவர் தோளில் இருந்தது. அதன் சூட்டை அவர் கடைசியாக ஒரு முறை உணர்ந்துகொண்டார்.

"ஆமாம்" என்றார். "நானூத்திப் பதினேழு. மருந்துக்கடை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம்."

"என்னப்பா சொல்றே?" என்றாள் ரோமினா.

"'வியாழக்கிழமை மழை பெஞ்சா என் மாமியார் குடையைப் பிடிச்சுக்கிட்டு வரேன்'னு சொன்னே, மச்சான். உனக்கு அப்போ கல்யாணமே ஆகல. நீயே சொல்லிட்டு நீயே சிரிச்சே. ரொம்ப நேரம் சிரிச்சே." அவர் குரல் உடையவில்லை, உடைந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். "யாருன்னு தெரியாது. நிபியா என் கையில அந்த நம்பரை எழுதினப்பதான் தெரிஞ்சுது. எபெர்ட் ஒண்ணும் பண்ணல. அவன் படகுல தண்ணி ஏறிடுச்சு, அதான் லேட். ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிப் பாத்தான். ஒருத்தரும் நம்பல. நானும் பேசாம இருந்தேன்."

அந்தக் கேலியை ஆரியேல் விசாரணையில் சொன்னதில்லை, சிறையில் சொன்னதில்லை, சுவீடனில் எவருக்கும் சொன்னதில்லை. அவர் முகத்தில் வால்டெமார் எதிர்பார்த்த சினம் வரவில்லை. நெடுநாள் தவறாகப் போட்டு வந்த கணக்கின் முதல் வரியைக் கண்டுபிடித்தவர் போல அவர் உதடுகள் ஓசையின்றி அசைந்தன. பிறகு குடுவையை மேசைமேல் வைத்தார். மிக மெதுவாக வைத்தார். ஓசை எழவில்லை.

கம்பளியை மடித்தார். எழுந்து மேலங்கியை எடுத்தார். ஒரு கை உள்ளே போகவில்லை, ரோமினா உதவ எழுந்தாள், வேண்டாமெனத் தலையசைத்தார்.

"எபெர்ட் கடையை எத்தனை மணிக்குச் சாத்துவான்?"

"பன்னிரண்டுக்கு" என்றார் வால்டெமார்.

சுவர்க் கடிகாரம் பன்னிரண்டுக்கு ஒன்பது நிமிடம் காட்டியது. ஆரியேல் வெளியே போனார். சாளரத்தின் வழியே பார்த்த ரோமினாவுக்கு அவர் தேவாலயத்துப் பக்கம் திரும்பாமல் நேரே முனையை நோக்கி நடப்பது தெரிந்தது. ஓட முயன்றார்; அறுபத்தொன்பது வயதுக் கால்கள் நான்கு அடிக்கு மேல் இசையவில்லை.

ரோமினா திரும்பி வந்து தந்தைக்கு எதிரே அன்றி, அறையின் மறுகோடியில், ஆரியேலின் நாற்காலியில் அமர்ந்தாள். படிவத்தில் இரண்டு நிமிடம் மிச்சமிருந்தது. பெயர் அங்கேயே நின்றது. அது எந்த அறையின் கதவுக்கான பெயர் என்பதை அவள் இப்போதுதான் மறுபடி வாசித்தாள்.

"அழிச்சிடவா?" என்றாள். ஏழு மாதம் பேசாதிருந்த அந்த ஆண்டின் வறட்சி அவள் குரலில் திரும்பியிருந்தது.

வால்டெமார் எழுந்து வந்து குனிந்து, "அனுப்பு" என்பதைத் தாமே அழுத்தினார்.

"அந்தக் கதவுல அந்தப் பேர் நாப்பத்தாறு வருஷம் முந்தியே இருந்திருக்கணும்."

பெயர் போயிற்று. நன்றி என்றது திரை. துறைமுகத்தில் மழை பெய்துகொண்டிருந்தது.

பூட்டில் சாவி திரும்பியது. நிபியா மாவு வாசனையோடும் குளிர்காற்றோடும் உள்ளே வந்தார். "முனையில அண்ணனைப் பாத்தேன். சைக்கிள் கடையைச் சீக்கிரமே சாத்திட்டாங்க, ஷட்டரைத் தட்டிக்கிட்டு நிக்கறான்! கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல. என்ன, அவனுக்குக் கிறுக்குப் பிடிச்சிடுச்சா?" பொட்டலத்தை அடுப்பங்கரையில் வைத்து, நான்கு தட்டுகளை எடுத்து வந்து, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு நோட்டைச் செருகத் தொடங்கினார். மூன்றாம் தட்டோடு அவர் கை நின்றது. மகளைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார்.

வால்டெமார் தம் வலக்கையை மேசைமேல் வைத்திருந்தார். நிபியா எண் எழுதிய அந்த உள்ளங்கை விரிந்து, மேல்நோக்கி இருந்தது.

"என்ன கிழவா, பிச்சையா கேக்கறே?" என்றார் நிபியா. எவரும் சிரிக்கவில்லை. "எவனாவது வாயைத் திறங்க. நாலாவது தட்டை வைக்கட்டுமா, வேண்டாமா?"